பத்து கோல் வாங்கிய அணியின் வாத்தியார்



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். வழக்கமாக விஞ்ஞானி, தேசத் தலைவர், கவிஞர் என்று எழுதுவோம். நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர்கள் மரியாதையாக ரஹீம் சாப் என்பார்கள். இந்தியக் கால்பந்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது என்றால், அதைக் கட்டி எழுப்பிய கொத்தனார் அவர்தான்.

ஏன் இவர், ஏன் இந்த வருஷம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த ஆண்டு நம் செயற்குழுவில் அதிக நேரம் பேசப்பட்டது கட்டட நிதியோ விடுதிச் சாப்பாடோ அல்ல. கால்பந்து அணிதான்! கொரோனா காலத்தில் அணி கலைந்தது. மைதானத்தில் புல் முளைத்தது. இப்போது புதிதாக ஒரு பயிற்சியாளர் வந்து, பாதிக்கு மேல் முதலாண்டுப் பசங்களை வைத்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். ஆறு ஆட்டங்கள் ஆடினார்கள், ஐந்தில் தோல்வி. ஒன்றில் ஏழு கோல் வாங்கினார்கள். அவர் சம்பளத்தில் ஒரு பங்கை நம் சங்கம் தருகிறது. அதைத் தொடர்வதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்பதை மறுசந்திப்பு நாளன்று பொதுக்குழு முடிவு செய்யப் போகிறது. கை தூக்குவதற்கு முன்னால் எல்லோரும் ரஹீம் சாப் கதையை ஒருமுறை படித்துவிட்டு வரவேண்டும் என்பது என் ஆசை.

வாத்தியார் ஆன ஆட்டக்காரர்

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். நிஜாம் ஆட்சிக் காலம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து பி.ஏ. பட்டம் வாங்கினார், பல்கலைக்கழக அணிக்கும் ஆடினார். படிக்கிற மாணவர்களும் படித்து முடித்த மாணவர்களும் சேர்ந்து அங்கே ஒரு அணி வைத்திருந்தார்கள். அதிலும் ரஹீம் ஆடினார். நம்மைப் போன்ற பழைய மாணவர் கூட்டத்தில்தான் அவர் கால்பந்து வளர்ந்தது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலை. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். இடையில் உடற்கல்வியில் டிப்ளமா வாங்கி, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். சாயங்காலம் மணி அடித்ததும் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு மைதானத்துக்குப் போகிற வாத்தியார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒருவர்தான் அவரும்.

1943-இல் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1950-இல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சி அவர் கைக்கு வந்தது. இந்திய அணியும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை போலீஸ் அணி தூக்கியது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள்தான் இந்தியக் கால்பந்து என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், தெற்கே இருந்து ஒரு போலீஸ் அணி வந்து ஐந்து வருஷம் யாரையும் கோப்பையைத் தொட விடவில்லை.

அடிப்படையில் இருந்து ஆரம்பம்

ஆட்டக்காரனுக்கு எது பலவீனமோ அங்கிருந்து ஆரம்பிப்பது ரஹீமின் வழக்கம். நம் ஊர்ப் பசங்க முக்கால்வாசிப் பேர் வலது காலால்தான் உதைப்போம். இடது கால் சும்மா நிற்பதற்கு. ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆடவேண்டும் என்று தனியாகப் போட்டிகள் நடத்தினார். அதேபோல், பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நான்கு பேரைத் தாண்டி வித்தை காட்டும் பழக்கத்தைக் குறைக்க, டிரிபிளிங் கூடாது என்ற விதியோடு இன்னொரு போட்டி. பந்து வந்தால் உடனே அடுத்தவனுக்குக் கொடு, நீ ஓடு. அவ்வளவுதான் பாடம்.

இந்த மாதிரிப் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனுக்குச் சிரிப்புதான் வரும். நல்லா ஆடுகிறவனையும் தடுமாற வைக்கிறாரே என்று தோன்றும். பலன் வெளியே தெரிவதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

ஆள் பிடிப்பதிலும் அவர் தனி ரகம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் என்ற பையனின் ஆட்டம் அவர் கண்ணில் பட்டது. பயிற்சிக்குத் தினமும் ஹைதராபாத் வந்துபோக வழியில்லை என்றானாம் பையன். சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன் 1956, 1960 என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்தார்.

தங்கமும் பத்து கோலும்

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. இந்த அணியைத்தான் அடுத்து ரஹீம் வளர்க்க வேண்டியிருந்தது.

1951-இல் புதுடில்லியில் முதல் ஆசிய விளையாட்டு. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த கோலால் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். ஊரே கொண்டாடியது. ரஹீம் பெரிய ஆள் என்றார்கள்.

அடுத்த வருஷமே, 1952 ஜூலையில், ஹெல்சிங்கி ஒலிம்பிக். முதல் ஆட்டமே யூகோஸ்லாவியாவோடு. குளிர் தேசம், நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். முடிவு 10-1. நமக்குக் கிடைத்த ஒரு கோல் ஆட்டம் முடியும் நேரத்தில் அகமது கான் அடித்தது. அந்த யூகோஸ்லாவியா சாதாரண அணி அல்ல. இறுதிவரை போய் வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ஆனால் பத்து கோல் என்பது பத்து கோல்தான். இன்றுவரை அந்த எண் நம் கால்பந்தின் நெற்றியில் வடுவாக இருக்கிறது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். 1951-இல் தீர்ப்பு சொல்லியிருந்தால் ரஹீம் மேதை. 1952-இல் சொல்லியிருந்தால் ஒன்றுக்கும் உதவாதவர். இரண்டுக்கும் நடுவே ஒரு வருஷ இடைவெளிதான். இரண்டு தீர்ப்புமே அவசரத் தீர்ப்பு.

தோல்விக்குப் பிறகு, பூட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதி செய்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் ஆவூர்க்காரன். விராலிமலைப் பக்கத்துக் கிராமம். பொட்டலில் கருவேல முள்ளுக்கு நடுவே வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவன். கல்லூரி அணியில் சேர்ந்துதான் முதல் முறையாக பூட்ஸ் போட்டேன். கட்டைவிரலில் கொப்புளம், பந்து எங்கே படுகிறது என்றே தெரியவில்லை. முதல் மூன்று மாதம் முன்பைவிட மோசமாக ஆடினேன். சரியான மாற்றம் கூட முதலில் நம்மைக் கீழே தள்ளிவிட்டுத்தான் அப்புறம் மேலே தூக்குகிறது. தனி ஆளான எனக்கே இப்படி என்றால், ஒரு தேசத்தின் ஆட்டத்தையே பூட்ஸுக்கு மாற்றியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்!

பூட்ஸோடு நின்றிருந்தால் ரஹீம் இன்று நினைவில் இருந்திருக்க மாட்டார். அவர் தன் பாடத்தையே மாற்றிக்கொண்டார். அப்போது உலகையே கலக்கிக்கொண்டிருந்தது ஹங்கேரி. 1953 நவம்பரில் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் 6-3 என்று வீழ்த்திய அணி அது. நடு முன்னணி ஆட்டக்காரர் எதிரி கோலுக்கு அருகே நின்றுகொண்டிருக்காமல் பின்னால் இறங்கி வருவார். அவரைத் துரத்தித் தடுப்பாளரும் வந்தால் பின்னால் ஓட்டை விழும், வராவிட்டால் அவர் சும்மா நின்று ஆட்டத்தை நடத்துவார். இதுதான் சூட்சுமம். இந்த முறையை ரஹீம் கற்று, நம் பசங்களுக்கு ஏற்றபடி சொல்லிக் கொடுத்தார். நாற்பது வயது தாண்டிய வாத்தியார் மறுபடி மாணவனாகி உட்கார்ந்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

அதே எதிரி, நான்கு வருஷம் கழித்து

1956 மெல்பர்ன் ஒலிம்பிக். அணிக்கு ரஹீம்தான் பயிற்சியாளர். முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் நேரே காலிறுதி. அங்கே ஆஸ்திரேலியாவை அதன் ஊரிலேயே 4-2 என்று வென்றோம். நெவில் டிசோஸா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர்தான். நான்காவது கோல் கிட்டு என்ற கிருஷ்ணசாமியின் காலிலிருந்து வந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு என்ற பெயர் நமக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிரே நின்றது யார்? அதே யூகோஸ்லாவியா! இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. இடைவேளைக்குப் பிறகு முதல் கோலை அடித்ததும் நாம்தான், டிசோஸா. சில நிமிஷங்கள் இந்தியா முன்னிலையில் இருந்தது. பிறகு அவர்கள் விழித்துக்கொண்டார்கள், 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0. பதக்கம் இல்லாமல் நான்காவது இடத்தோடு ஊர் திரும்பினார்கள்.

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஹெல்சிங்கியும் தோல்வி, மெல்பர்னும் தோல்வி. ஆனால் 10-1 எங்கே, முன்னிலை வாங்கிவிட்டு 4-1 எங்கே! வளர்ந்திருக்கிறோமா என்று அளப்பதற்கு அதே எதிரியைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இன்னும் கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் 2-1 தோல்வி. பிரான்ஸோடு 1-1 சமன், அதிலும் பி.கே. பானர்ஜி அடித்த கோலால் நாம் முன்னிலையில் இருந்து கடைசி பத்து நிமிஷத்தில் கோட்டை விட்டோம். பெருவிடம் 3-1 தோல்வி. முதல் சுற்றோடு வெளியே. இதையும் தோல்விப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கிய அணி. அதனோடு ஒரு கோல் வித்தியாசம்.

ஜகார்த்தா

1962 ஆசிய விளையாட்டு ஜகார்த்தாவில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். அவசரக்காரர்களுக்கு அதுவே போதும். ஆனால் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

இதற்குள் தலைமைத் தடுப்பாளர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தடுப்பில் நின்றால் எல்லாப் பந்துக்கும் தலை கொடுக்க வேண்டும். வெளியே உட்காரவைக்கவும் மனசில்லை. ரஹீம் அவரை நடு முன்னணிக்கு அனுப்பினார். காவல்காரனைக் கொண்டுபோய் படைக்கு முன்னால் நிறுத்திய மாதிரி. அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4 இறுதி ஆட்டம். மறுபடியும் தென்கொரியா. மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், அத்தனை பேரும் நமக்கு எதிராகக் கூச்சல். விஷயம் கால்பந்து அல்ல. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா வரவிடவில்லை என்று நம் ஜி.டி. சோந்தி குரல் கொடுத்ததால் அந்த ஊர் முழுக்க இந்தியாமேல் கோபம். முந்தின நாள் நம் தூதரகமே தாக்கப்பட்டிருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவில் ரஹீம் பசங்களைக் கூட்டி, தனக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், நாளை தங்கம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டதாக ஆட்டக்காரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

பானர்ஜி முதல் கோல். சில நிமிஷங்களில் தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். இருபது நிமிஷத்துக்குள் 2-0. கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து வளர்ந்த நம் தமிழர். கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் கொரியாவுக்கு ஒரு கோல் கிடைத்தது. 2-1. சுனி கோஸ்வாமி தலைமையில் தங்கம். அந்த அணியின் பட்டியலில் அருமைநாயகம், எத்திராஜ் என்ற பெயர்களைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

முதல் ஆட்டத்தில் 2-0 என்று தோற்கடித்த அதே அணியைப் பத்தே நாளில் திருப்பி அடித்தார்கள். இங்கேயும் அதே எதிரி, அதே அளவுகோல்.

வாத்தியார் போன பிறகு

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். வயது 53. அதன்பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கிடைத்த பதக்கம் ஒன்றே ஒன்று, 1970-இல் வெண்கலம். ஒலிம்பிக் கால்பந்துக்கு 1960-க்குப் பிறகு இந்தியா போகவே இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், அவர் வாழ்க்கை மைதான் என்ற இந்திப் படமாக வந்தது. அதற்குள் பானர்ஜி, கோஸ்வாமி, பலராம், தங்கராஜ் எல்லோருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நம் மைதானத்துக்கு வருவோம்

இப்போது ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். நான் இரண்டாமாண்டு படிக்கும்போது எங்களுக்கும் ஒரு புதுப் பயிற்சியாளர் வந்தார். சீனியர்களை உட்காரவைத்து ஜூனியர்களை இறக்கினார். இடது காலால் உதை, பந்தைக் கையில் தூக்காதே, பாஸ் கொடு என்று உயிரை எடுத்தார். நான்கு ஆட்டம் தோற்றோம். அவரை மாற்றக் கோரி மனு எழுதினோம். இரண்டாவது கையெழுத்து என்னுடையது. தீபாவளிக்குள் அவர் போய்விட்டார், யாரும் வழியனுப்பக்கூட இல்லை. நான் இறுதியாண்டு படிக்கையில் மண்டலப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். ஆடிய பதினொரு பேரில் ஏழு பேர் அவர் இறக்கிவிட்ட ஜூனியர்கள். எனக்கே அன்று ஒரு கோல் கிடைத்தது, இடது காலால். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன், முகவரி யாரிடமும் இல்லை. அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

அதற்காகத் தோற்கிற பயிற்சியாளர் எல்லோரும் ரஹீம் சாப் என்று நான் சொல்ல வரவில்லை. நான் கட்டுமானப் பொறியாளன். கான்கிரீட் போட்டால் இருபத்தெட்டாம் நாள்தான் முழு வலு பார்ப்போம். ஆனால் ஏழாம் நாளே ஒரு கட்டியை நசுக்கிப் பார்க்கிறோம். அன்று மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருந்தால் போதும், கலவை சரி என்று அர்த்தம். முழு வலுவை ஏழாம் நாளே கேட்பவன் முட்டாள். ஏழாம் நாள் சோதனையே வேண்டாம் என்பவனும் முட்டாள்தான்.

நம் புதுப் பயிற்சியாளருக்கு இது ஏழாம் நாள். ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு காலை நேரம் மைதானத்துக்கு வந்து பாருங்கள். பசங்க தங்கள் பலவீனத்தில் உழைக்கிறார்களா? முதலாண்டுப் பையனுக்கு இடம் கிடைக்கிறதா? தோற்ற மறுநாள் எத்தனை பேர் பயிற்சிக்கு வருகிறார்கள்? ஆளுக்கும் ஆட்டத்துக்கும் ஏற்றபடி அவர் தன் திட்டத்தை மாற்றிக்கொள்கிறாரா? ஏழு கோல் அடித்த அந்த அணியோடு அடுத்த வருஷம் மறுபடி ஆடும்போது வித்தியாசம் குறைகிறதா?

நான் மூன்று நாள் போய்ப் பார்த்தேன். ஏழு கோல் வாங்கிய மறுநாள் காலை ஐந்தரைக்கு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பயிற்சியாளர் ஓரமாக நின்று ஒரு பையனுக்கு இடது காலைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதும். இன்னும் இரண்டு வருஷம் கொடுங்கள் என்று பொதுக்குழுவில் நான் கை தூக்குவேன். நீங்களும் வந்து பார்த்துவிட்டு, உங்கள் மனசாட்சிப்படி கை தூக்குங்கள்.

இன்று ஆடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பத்து கோல் வாங்கிய அணியின் வாத்தியார்தான் பத்து வருஷம் கழித்துத் தங்கத்தோடு வந்தார். பூட்ஸை இறுக்கிக் கட்டுங்கள்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் சங்கம்!

அன்புடன்,
ஒரு பழைய மாணவன், கட்டுமானப் பொறியாளன்
ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம்